ஏப்ரல் முப்பது வரை

ஜனவரி 9, திங்கள்

பாளையங்கோட்டை டாக்டர் இந்த நோட்டை எழுதச் சொன்னார். என் வீட்டுக்காரர், அதாவது அத்தான், தினமும் எதை மறக்கிறார்கள், மறந்தது பிறகு ஞாபகம் வந்ததா என்று தேதி போட்டு எழுதி, மூன்று மாதம் கழித்துக் கொண்டுவர வேண்டும். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்கு எழுதுவதில் என்ன கஷ்டம். வரும் வழியிலேயே நோட்டு வாங்கிவிட்டேன்.

நோயின் பெயரையும் டாக்டர் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

இன்று மறந்தது: குளித்தாயிற்றா என்பது. இரண்டு தரம் குளித்தார்கள். இரண்டு தரமும் தண்ணீர் நல்ல குளிர்ச்சி என்றார்கள்.

அத்தான் ஓய்வு பெறுவது ஏப்ரல் முப்பதில். இன்னும் நூற்றுப் பதினொரு நாள். முப்பத்தாறு வருஷம் ஊழியம் செய்தவர்கள் கடைசி ஞாயிறு வரை பிரசங்க பீடத்தில் ஏறி, தன் காலால் இறங்கி வரவேண்டும். அதற்கு என்ன செய்யவேண்டுமோ செய்துகொள்ளலாம். ஆண்டவர் கூட இருக்கிறார்.

ஜனவரி 10

இன்று ஒன்றும் மறக்கவில்லை.

ஜனவரி 11

நேற்று எழுதியது பொய்.

நேற்று கோயில் வேலைகளில் அத்தானுக்கு உதவும் உபதேசியார் சற்குணம் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். அத்தான் பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "எமி, நம்ம கையெழுத்து எப்படி இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்கள். பழைய பக்கம் ஒன்றைப் புரட்டிக் காட்டினேன். பார்த்துப் போட்டார்கள். உபதேசியார் ஜன்னல் பக்கம் திரும்பி முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. போன வாரம்தான் கிளையெல்லாம் வெட்டினோம்.

ஜனவரி 15, ஞாயிறு

ஆராதனை நல்லபடியாக முடிந்தது.

நவம்பரிலிருந்து ஒரு பழக்கம். அத்தான் சொல்லச் சொல்ல நான் பிரசங்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்து வாசிப்பார்கள். ஐயருக்குக் கண் சரியில்லை என்று சபைக்குச் சொல்லியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்பார்கள். அதனால் இந்தச் சாந்தபுரத்தில் நான் ஐயரம்மா. எமிமாள் என்று எனக்கொரு பெயர் இருப்பது அத்தானுக்கும் ரேஷன் கார்டுக்கும்தான் தெரியும்.

இந்த வாரம் அத்தான் சொன்னது இரண்டு வரி. மீதி நான்கு பக்கமும் அந்த இரண்டு வரியிலிருந்து எடுத்ததுதான். திமிர்வாதக்காரனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிவந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அந்தச் சம்பவம். உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று ஆண்டவர் படுத்துக் கிடந்தவனிடம் கேட்கவில்லை, தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்தார் என்று எழுதியிருந்தேன். வாசிக்கும்போது அத்தான் அந்த இடத்தில் நிறுத்தி, தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு தரம் வாசித்தார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் மாதிரி.

வெயிலில் காயப்போட்ட மிளகாய் வற்றலை எடுக்க மறந்துவிட்டேன். மறந்தது நான். டாக்டர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஜனவரி 28, சனி

மேலத்தெரு அன்னப்பழம் வீட்டில் அடக்கம். இறந்தது அவள் புருஷன் ஆசீர்வாதம். கல்லறையில் ஜெபம் செய்யும்போது அத்தான் ஆசீர்வாதத்தின் பெயருக்குப் பதிலாக அவர் தம்பி பெயரைச் சொல்லிவிட்டார்கள். தம்பி குழிக்குப் பக்கத்தில் நிற்கிறார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

பிறகு நான் அன்னப்பழத்திடம் போய், ஐயாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சலோட வந்தாவளே, அதுவே பெருசு" என்றாள். புருஷனைப் புதைத்த அன்றைக்கு அவளிடம் போய் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

பிப்ரவரி 5, ஞாயிறு

சேகரக் கமிட்டிச் செயலாளர் குணசீலன் ஆராதனை முடிந்ததும் நாங்கள் குடியிருக்கும் குருமனைக்கு வந்தார். ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கல்லறைச் சுவர் விஷயத்தில் அத்தானோடு இரண்டு வருஷம் மல்லுக்கு நின்றவர். பேராயரின் திருமண்டல ஆபீஸுக்கு மனுவெல்லாம் எழுதியிருக்கிறார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "ஐயா, தப்பா நெனைக்காதீய. இப்பதான் உங்க பிரசங்கம் எனக்குப் புரியுது. பன்னிரண்டு நிமிஷத்துல முடிக்கீய" என்றார். அத்தான் சிரித்தார்கள். "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றார்கள்.

நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன். எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இன்று முழுக்க அந்தச் சந்தோஷம் போகவில்லை.

பிப்ரவரி 14

மகள் பெனினா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அப்பாவை இப்போதே லீவு போட வை, இந்த வயதில் எதற்கம்மா இந்த நாடகம் என்கிறாள். எழுபத்தைந்து நாள்தான் இருக்கிறது என்றேன். "அம்மா, நாள் எண்ணுறது யாரு, அப்பாவா நீயா?" என்று கேட்டாள். கரண்ட் போய்விட்டது, சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவ நாட்கள் ஆரம்பம். நாற்பது நாளுக்கும் தியானக் குறிப்பு எழுதவேண்டும். பத்து முடித்துவிட்டேன்.

இன்று தியானம் ஜெபத்தைப் பற்றி. நன்றாகவே வந்திருக்கிறது. ஜெபத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவள் நவம்பரிலிருந்து தனியாக ஒரு தரம்கூட முழங்கால் போடவில்லை என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 3

நேரம் இல்லை என்பது காரணம் இல்லை.

வார்த்தையைச் சொல்வதற்கென்று ஒரு மனுஷனை இருபத்தெட்டு வயதில் கூப்பிட்டு, அவர் வேறெதையும் கற்றுக்கொள்ளாமல் அதையே செய்துகொண்டிருக்க, கடைசியில் வார்த்தையை மட்டும் பிடுங்கிக்கொள்வதா. காலை எடுத்திருக்கலாம். கண்ணை எடுத்திருக்கலாம், சபைக்கு நாங்கள் சொல்லும் பொய்யாவது உண்மையாகியிருக்கும். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் இதுதான் வாயில் வரும். அதனால் உட்காருவதில்லை.

ஆனால் ஒன்று. ஆண்டவர் இல்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இல்லாதவரோடு யாரும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்று மறந்தது: சட்டைப் பித்தான் போடுவது. நான் போட்டுவிட்டேன்.

மார்ச் 16, வியாழன்

மத்தியானம் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அத்தான் வெளியே போயிருக்கிறார்கள். வெள்ளை அங்கி, இடைக்கச்சை எல்லாம் போட்டுக்கொண்டு, அப்பமும் ரசமும் வைக்கும் திருவிருந்துப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு. ஒரு மணி நேரம் தெருத்தெருவாகத் தேடினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்காமலேயே தேடினேன்.

குணசீலன் ஸ்கூட்டரில் கூட்டிவந்தார். அத்தான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன் நாங்கள் ஊழியம் செய்த சேகரத்தில் படுக்கையாகக் கிடந்த ஒரு அம்மாளுக்குத் திருவிருந்து கொடுக்கப் போக வேண்டுமாம். அந்த அம்மாளை அடக்கம் செய்ததும் அத்தான்தான்.

நான் முந்திக்கொண்டு, ஐயா கீழத்தெருவில் ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பினார்கள், வழியில் யாரோ பேச்சுக் கொடுத்திருப்பார்கள் என்றேன். குணசீலன் என்னைப் பார்த்தார்.

"வெயில் ரொம்ப இருந்துச்சு ஐயரம்மா. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பிவந்து, தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மனு எழுதப்போகிறார். வேறென்ன.

மார்ச் 25, சனி

இன்று அத்தான் தெளிவாக இருந்தார்கள். காலையில் தானே சவரம் செய்துகொண்டு, பேப்பர் படித்து, சர்க்கரை போதாது என்று என்னிடம் சண்டை போட்டார்கள். சந்தோஷமாகச் சண்டை போட்டேன்.

பதினொரு மணிக்கு நாளைய பிரசங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"இதுல நான் சொன்னது எது?"

எல்லாம் நீங்கள் சொன்னதுதான் அத்தான் என்றேன்.

"எமி, எனக்கு மறதிதான். புத்தி கெட்டுப் போகல." தாளைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். "உன் பிரசங்கம் நல்லாருக்கு. என்னுதவிட நல்லாருக்கு. ஆனா அதை என் வாயில வச்சு நீ எத்தனை நாள் பேசுவ?"

ஏப்ரல் முப்பது வரை என்றேன்.

"அதுக்கு முன்னால நான் உன் பேரை மறந்துட்டா?"

அவர்களே பதிலும் சொன்னார்கள், "நான் மறந்தா என்ன. மறக்காதவர் ஒருத்தர் இருக்கார்லா. அதை முப்பத்தாறு வருஷம் எல்லாருக்கும் சொல்லிருக்கேன். எனக்குன்னு வரும்போது பொய்யாயிருமா?"

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. எனக்குக் கோபம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை. துணி ஊறவைத்திருக்கிறேன் என்று எழுந்து போனேன். துணி எதுவும் ஊறவில்லை.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓலை பிடித்துப் பாட்டுப் பாடி ஊர்வலம் முடிந்து, எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தாயிற்று. அத்தான் பீடத்தில் ஏறி முதல் பக்கத்தை வாசித்தார்கள். இந்த வாரம் ஆண்டவர் ஏறிவந்த கழுதைக்குட்டியின் சொந்தக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். வேதத்தில் அவர் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. ஆண்டவருக்கு வேண்டும் என்றதும் ஏன், எப்போது திரும்பும் என்று கேட்காமல் அவிழ்த்துவிட்ட மனுஷன்.

பக்கம் முடிந்ததும் அத்தான் தாளை மடித்துவைத்துக் கண்ணாடியைக் கழற்றினார்கள். இடம் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து, வாசியுங்கள் என்று உதட்டை அசைத்தேன்.

"இது நான் எழுதினது இல்ல" என்றார்கள். "எனக்குக் கண் நல்லாத்தான் இருக்கு. எனக்கு மறதி நோய். டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னார், அதையும் மறந்துட்டேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நவம்பர்லேர்ந்து நீங்க கேட்டது பூரா ஐயரம்மா பிரசங்கம். நல்லாருந்துச்சுன்னா அவகிட்ட சொல்லுங்க. குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க, நான் மறந்துருவேன். ஆசீர்வாதத்தோட அடக்கத்துல பேரை மாத்திச் சொன்னேன்னு சொன்னாங்க. அன்னப்பழம், என்னை மன்னிச்சிரும்மா." பிறகு எல்லோரையும் பார்த்து, "என் புத்தியிலேர்ந்து ஒவ்வொண்ணா போகுது. ஆண்டவர் போகல. இதை ஞாபகம் இருக்கும்போதே சொல்லிரணும்னு நெனைச்சேன். மீதியை எழுதினவளே வாசிக்கட்டும். எமி, வா" என்றார்கள்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள், நான் எழுந்துவிட்டேன் என்றே நினைத்து. அப்புறம்தான் எழுந்தேன். அத்தான் படி இறங்கிவந்து தாளை என் கையில் கொடுத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, பெண்கள் பக்கம், போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இரண்டாம் பக்கத்திலிருந்து வாசித்தேன். அவிழ்த்துவிட்டவரைப் பற்றி நான்தான் எழுதியிருந்தேன். எழுதும்போது வேறு யாரையோ நினைத்து எழுதினேன் போலிருக்கிறது.

வாசித்து முடித்து ஒரு வார்த்தை சேர்த்தேன், அது தாளில் இல்லை. ஐயாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்தேன், அது என் மானம்தான், உங்கள் எல்லோரிடமும் பொய் சொன்னேன் என்றேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். இது சபையை ஏமாற்றும் வேலை என்று ஒருவர் சொன்னார். ஆமாம் என்றேன். நான் மறுப்பேன் என்று தயாராக வந்தவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

குணசீலன் எழுந்தார். "நான் டிசம்பர்லயே கண்டுபிடிச்சிட்டேன். ஐயா பிரசங்கத்துல 'ஆகவே பிரியமானவர்களே'ன்னு முப்பது தரம் வரும். டிசம்பர்லேர்ந்து ஒரு தரம்கூட வரல. மேல எழுதணும்னு மூணு தரம் உக்காந்தேன். ஐயாகூட நான் சண்டை போட்டது சுவருக்காக. இதுக்கு எழுத எனக்குக் கை வரல."

பேராயருக்கு இன்று எல்லோரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். திருவிருந்துக்குப் பக்கத்துச் சேகரத்து ஐயர் வருவார். முப்பதாம் தேதி வரை அத்தான் அங்கி போட்டுக்கொண்டு தன் நாற்காலியில் இருக்கலாம். பிரசங்கம் நான் செய்யவேண்டும், என் பெயரில்.

பஸ் ஸ்டாப்பிலும் சந்தைக்கடையிலும் சொல்லிவைத்திருக்கிறார்களாம், ஐயாவைப் பார்த்தால் உட்காரவைத்து போன் பண்ண வேண்டும் என்று. அன்றைக்கு யாரிடமும் கேட்காமல் ஒரு மணி நேரம் தெருவில் அலைந்தேனே.

ஏப்ரல் 9, உயிர்த்தெழுந்த ஞாயிறு

பிரசங்கம் செய்தேன். பதினான்கு நிமிஷம். இரண்டு நிமிஷம் கூடிப்போனதைக் குணசீலன் வாசலில் சொன்னார்.

ஏப்ரல் 12

நோட்டைக் கொண்டுபோனேன். டாக்டர் பொறுமையாகப் படித்தார். இதில் பாதி உங்களைப் பற்றி இருக்கிறதே அம்மா என்றார். மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார். குருமனையைக் காலிசெய்து வீடு மாறினால் குழப்பம் கொஞ்சம் கூடும், பயப்படாதீர்கள் என்றார். நான் பயப்படவில்லை என்று சொன்னேன். நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

கடைசி ஆராதனை. முடிவில் சபைக்கு ஆசீர்வாதம் மட்டும் அத்தான் கூறட்டும் என்று வந்திருந்த ஐயர் ஒதுங்கி நின்றார். அத்தான் எழுந்து கையை உயர்த்தினார்கள். வார்த்தை வரவில்லை.

என் வாயில் அது முழுசாக இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சபை தலையைக் குனிந்தபடியே காத்திருந்தது. ஒருவரும் இருமவில்லை. உயர்த்திய கை இறங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு வந்தது. ஒரு சொல் விடாமல் வந்தது.

பீடத்திலிருந்து தன் காலால் இறங்கிவந்தார்கள்.

மே 3

பாளையங்கோட்டை வாடகை வீடு. பாத்திரமெல்லாம் இன்னும் அட்டைப்பெட்டியில். இங்கே தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அத்தான் கழிவறையைத் தேடி மூன்று தரம் தெருக்கதவைத் திறந்தார்கள்.

மே 7, ஞாயிறு

இங்குள்ள சபைக்குப் போனோம். கடைசிப் பெஞ்சு. அங்குள்ள ஐயர் நன்றாகப் பிரசங்கம் செய்தார். ஒருவருக்கும் எங்களைத் தெரியாது.

மே 11, வியாழன்

காலை பத்து மணி இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் உள்ளேயிருந்து வந்தார்கள். வேட்டி, வெள்ளைச் சட்டை, தலை சீவியிருந்தது. என்னைப் பார்த்ததும் மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்களாம்மா? எந்தச் சபை?"

பார்க்க வருகிறவர்களிடம் கேட்கும் அதே குரல். முப்பத்தாறு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட குரல்.

அத்தான், நான்தான் எமி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தில் குழப்பமே இல்லை. வேலை செய்கிற முகம். சாந்தபுரத்தில் கடைசியாக எப்போது அதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"உங்க சபைதான் ஐயா" என்றேன்.

"நல்லதும்மா. என்ன காரியமா ஜெபிக்கணும்?"

கீரையைக் கீழே வைத்தேன். நான்கு மாதமாக இந்த நோட்டில்கூட எழுதாதது தானாக வெளியே வந்தது. "என் வீட்டுக்காரருக்குச் சுகமில்ல ஐயா. என்னை மறந்துகிட்டு வாராக. எனக்குப் பயமா இருக்கு. ஜெபம் பண்ண முடியல."

அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்றும் கேட்கவில்லை. "உங்களால முடியாட்டா பரவால்லம்மா, அதுக்குத்தான நாங்க இருக்கோம். பேரென்ன?" என்றார்கள்.

"எமிமாள்."

கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார்கள். தடுமாறவில்லை, தேடவில்லை. இந்த மகள் எமிமாளைப் பாரும் ஆண்டவரே என்றார்கள். இவள் புருஷன் எங்கே போனாலும் உம்முடைய கையைத் தாண்டிப் போவதில்லை என்பதை இவளுக்குக் காட்டும் என்றார்கள். இவள் ரொம்ப நாளாகச் சுமந்துவிட்டாள், இன்றைக்கு ஒருநாளாவது இவளைத் தூக்கிக்கொள்ளும் என்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எப்போது முழங்கால் போட்டேன் என்று தெரியவில்லை. ஆமென் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவர்கள் காத்திருந்தார்கள்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். புறப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"இருங்கம்மா, காப்பி குடிச்சிட்டுப் போலாம். எங்க வீட்டுல நல்லாப் போடுவா."

உள்ளே போய் இரண்டு தம்ளர் போட்டு எடுத்துவந்தேன்.